வைப்பர் சுவிட்ச் இருந்த இடம்

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இன்ஜினுக்குச் சாமான் கிடைத்துவிடும். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் மதுரையிலோ, சென்னை புதுப்பேட்டையிலோ தேடினால் புதிதாகவோ பழையதாகவோ ஒன்று அகப்படும். அலைய விடுவது ஓட்டுபவரின் கண்ணெதிரே இருக்கும் அந்தத் தகடுதான். மீட்டர்களும் சுவிட்சுகளும் பொருத்திய டேஷ்போர்டு பேனல். கடையில் ஒன்று கிடைத்தாலும் நம் வண்டிக்குச் சரியாக உட்காராது. ஏனென்றால் இத்தனை வருடங்களில் கைவைத்த ஒவ்வொரு மெக்கானிக்கும் தன் பங்குக்கு ஒரு ஓட்டை போட்டிருப்பார். கடைசியில் நாமே செய்துகொள்வதுதான் வழி.

தாண்டிக்குடி மலைச்சரிவில் இருக்கும் அந்த டீசல் ஜீப்புக்கும் அதே கதைதான். 1991-ல் பதிவான வண்டி. 1996-ல் அதை இரண்டாம் கையாக வாங்கியவருக்கு இப்போது வயது 71. கீழ்ப்பழனி மலையின் அந்தப் பக்கத்தில் காபியும் மிளகும் மலைவாழையும்தான் பிழைப்பு. மூட்டையை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு இறங்குவதும், அரிசி பருப்போடு மேலே ஏறுவதும் அந்த ஜீப்பில்தான். பிரசவத்துக்கு இறங்கிய பெண்கள், பரீட்சைக்குப் போன பிள்ளைகள் என்று ஊரில் பாதிப் பேர் அதில் ஏறி இறங்கியவர்கள்.

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2006, 2011, 2016, 2021 என்று நான்கு முறை தாண்டிவிட்டது ஜீப். ஐந்தாவது முறை வந்தபோதுதான் பேனல் பிரச்சினையானது. மலை ஈரத்தில் தகடு அடியோரம் அரித்துப் போயிருந்தது. வைப்பர் சுவிட்ச் ஆடியது. ஆம்பியர் மீட்டரின் பின்னால் நட்டு தளர்ந்து, ஒயரின் மேலுறை சூட்டில் கறுத்திருந்தது. பழைய வண்டிகளில் மின்சாரத்தின் பெரும்பகுதி அந்த மீட்டர் வழியாகத்தான் போகும். அங்கே ஒரு நட்டு தளர்ந்தால் சூடேறும், சூடு தீயிலும் போய் முடியலாம்.

புதுப் பேனலைத் தானே செய்து தருவதாகச் சொன்னது மகள். வத்தலக்குண்டில் ஷீல்டு, பெயர்ப்பலகை செய்யும் சின்னக் கடை அவளுடையது. நாள் முழுக்க அளவெடுப்பதும் வெட்டுவதும் எழுத்துப் பொறிப்பதும்தான் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினாள். பிறகு பேனலின் முன்பக்கமும் பின்பக்கமும் செல்போனில் படம். ஒயர்களின் நிறம் வெளுத்து எல்லாமே ஒரே பழுப்பாகத் தெரிந்ததால், ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதினாள். அதன் பிறகுதான் ஸ்பேனர்.

வெப்பமானியின் பின்னால் போகும் மெல்லிய செம்புக் குழாயைத் தொடவேண்டாம் என்று அப்பா எச்சரித்தார். அது ஒயர் அல்ல. உள்ளே இருக்கும் திரவத்தின் ஆவி அழுத்தம்தான் முள்ளை நகர்த்துகிறது. குழாய் மடங்கி உடைந்தால் மீட்டரோடு சேர்த்துத் தூக்கிப்போட வேண்டியதுதான். அதனால் மீட்டரைக் குழாயோடு சுருட்டி ஓரமாகத் தொங்கவிட்டார்கள்.

பழைய தகட்டைக் கீழே வைத்து, காலண்டர் அட்டையில் பென்சிலால் அச்சு எடுத்தாள். சின்ன மீட்டர்களுக்கு 52 மில்லிமீட்டர் ஓட்டை, டாகிள் சுவிட்சுகளுக்கு 12 மில்லிமீட்டர். அட்டையில் தவறு வந்தால் இன்னொரு அட்டை. அலுமினியத்தில் தவறு வந்தால் பணம்.

வரைந்து முடித்தபோது வைப்பர் சுவிட்சை மட்டும் இரண்டு அங்குலம் தள்ளி வைத்திருந்தாள். பழைய இடத்தில்தான் துரு அதிகம். அட்டையை ஜீப்பில் பொருத்தி, அப்பாவை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்தாள்.

"ரோட்டைப் பாத்தபடியே ஒவ்வொரு சுவிட்சா தொட்டுக் காட்டுங்கப்பா."

லைட், ஹீட்டர், ஸ்டாப் ஒயர் எல்லாவற்றையும் சொல்லச் சொல்லத் தொட்டார். வைப்பர் என்றதும் கை பழைய இடத்துக்குப் போனது. முப்பது வருடப் பழக்கம், அதில் ஆச்சரியம் இல்லை.

"அங்க இல்லப்பா, கொஞ்சம் இங்கிட்டு. மஞ்சள் டேப் ஒட்டியிருக்கேன், பாருங்க."

அவர் கை அட்டையின் மேல் தடவிக்கொண்டே போனது. டேப்பைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது. பிறகு தலையை முழுக்க இடதுபக்கம் திருப்பிக் குனிந்து பார்த்த பிறகுதான் விரல் அதன் மேல் வந்து நின்றது.

அவளுக்கு என்னவோ போலிருந்தது. அப்பாவை நேரே பார்க்கச் சொல்லிவிட்டு, அவர் இடது தோளுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு மஞ்சள் டேப்பை ஆட்டினாள். அவர் பேசாமல் இருந்தார். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து ஆட்டினாள். "என்ன தாயி, சும்மா நிக்கிற?" என்றார்.

பேனல் வேலை அத்துடன் நின்றது.

அன்று மதியம் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்ததும் வீட்டில் சத்தம். "இத்தன வருசத்துல ஒரு நாளாவது இடிச்சிருக்கேனா?" என்று அவர் கேட்டார். அடுப்படியிலிருந்து அம்மா பதில் சொன்னாள்: "இடது பக்க மட்கார்டு தானா நெளிஞ்சுச்சாக்கும்?" கதவு நிலையில் தோள் இடிப்பது, தட்டுக்கு வெளியே சோறு சிந்துவது, ஐந்து மணிக்கு மேல் வண்டியைத் தொடாமல் ஏதாவது சாக்குச் சொல்வது என ஒவ்வொன்றாக வெளியே வந்தன. தனித்தனியாகப் பார்த்தபோது எல்லாம் வயதின் தொல்லை. சேர்த்துப் பார்த்தபோதுதான் பயம் வந்தது. போன வாரம்கூடப் பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்து அவர் மலையிறங்கியிருக்கிறார்.

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரி. கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் நேரே பார்த்தபடி, பக்கத்தில் சின்ன வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். அவர் கை பல நேரம் சும்மா இருந்தது. குளுக்கோமா என்றார் டாக்டர். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு மெல்ல மெல்லச் சேதமாகும் நோய். பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் கூடுவதோடு சேர்ந்து வரும். பலருக்கு வலி இருக்காது. முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை என்பதால், நேரே பேப்பர் படிப்பவருக்குக்கூடத் தெரியாமல் அது வளரும். போன பார்வை திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. நாற்பது வயதுக்கு மேல் கண்ணாடி மாற்றப் போகும்போது கண் அழுத்தத்தையும், உள்ளே நரம்பையும் பார்க்கச் சொல்லி டாக்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார். அன்றைக்கே மகளுக்கும் பரிசோதனை நடந்தது. அவளுக்கு ஒன்றும் இல்லை.

"வண்டி ஓட்டக் கூடாது" என்று டாக்டர் சொன்னதற்கு அவர் தலையாட்டினார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

யோசித்துப் பார்த்தால், அந்தப் பழைய பேனல்தான் அவருக்கு இத்தனை நாள் கண்ணாக இருந்திருக்கிறது. எந்தச் சுவிட்ச் எங்கே என்று கைக்குத் தெரியும். எந்த வளைவு எப்போது வரும் என்று உடம்புக்குத் தெரியும். அதனால் கண் குறைந்ததை அவரும் கவனிக்கவில்லை, மற்றவர்களும் கவனிக்கவில்லை. ஒரு சுவிட்ச் இரண்டு அங்குலம் நகர்ந்ததும் வெளிச்சமாகிவிட்டது.

இரண்டு வாரம் ஜீப் தார்ப்பாயின் கீழே கிடந்தது. விற்றுவிடலாம் என்றார் மருமகன். விலை கேட்டு ஒருவர் வந்தும் போனார். காலண்டர் அட்டை கடையின் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. ஒரு நாள் காலையில் அப்பாவிடமிருந்து போன்.

"அந்த அட்டையை எடுத்துக்கிட்டு வா தாயி. உன் கை எம்புட்டுத் தூரம் எட்டுதுன்னு பாப்போம்."

அவளுக்குக் கார் ஓட்டிப் பழக்கம் உண்டு. லைசென்ஸும் உண்டு. ஆனால் அப்பாவை விட ஒரு சாண் குட்டை. சீட்டை முன்னால் தள்ளி உட்கார்ந்து, இடது கையை கியர் மேல் வைத்து, அங்கிருந்து நீட்டினால் பழைய வைப்பர் சுவிட்ச் எட்டவில்லை. முதுகு சீட்டிலிருந்து எழுந்தது. மலையில் பனி இறங்கும்போது முதல் தேவை வைப்பரும் பனி லைட்டும்தான். அந்த நேரத்தில் உடம்பு நகரக்கூடாது, கண் ரோட்டை விட்டு விலகக்கூடாது. இரண்டையும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார் அப்பா. "கைக்குத் தடவினாலே எதுன்னு தெரியணும்" என்றார். அதனால் வைப்பருக்கு நீளக் கைப்பிடி, லைட்டுக்கு உருண்டைக் குமிழ், பனி லைட்டுக்குத் தட்டை என்று மூன்றும் மூன்று விதமாக வாங்கப்பட்டன.

பேனலுக்கு 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. கடையிலிருக்கும் லேசர் மெஷினுக்கு அலுமினியத்தை வெட்டும் சக்தி கிடையாது. பக்கத்து ஒர்க்ஷாப்பில் சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி, ஹோல் சாவால் ஓட்டை போட்டு, வட்டமான அரத்தால் ராவினார்கள். ஸ்பீடாமீட்டர் ஓட்டை மட்டும் கொஞ்சம் இறுக்கமாகவே விடப்பட்டது. ராவிப் பெரிதாக்கலாம், பெரிதானதைச் சின்னதாக்க முடியாது.

தகட்டின் மேல் ஒட்ட, பெயர்ப்பலகைக்குப் பயன்படும் இரட்டை நிறத் தகடு. மேலே கறுப்பு, அடியில் வெள்ளை. லேசர் மேல்பூச்சைச் சுரண்டும் இடத்தில் வெள்ளை எழுத்து வரும். பளபளப்பு இல்லாத ரகமாகப் பார்த்து எடுத்தாள். பளபளப்பாக இருந்தால் இரவில் மீட்டர் வெளிச்சம் முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும். எழுத்தெல்லாம் தமிழில்தான். வைப்பருக்குத் 'துடைப்பான்' என்று அவள் எழுதியதைப் படித்துக் காட்டியபோது அப்பா பல நாள் கழித்துச் சிரித்தார். "வைப்பர்னே போடு. வண்டிக்கே புரியாது."

ஆம்பியர் மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் வைத்தார் ஆட்டோ எலக்ட்ரீஷியன். வண்டி நிற்கும்போது சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது 14 வோல்ட் சுற்றுவட்டாரத்தில் முள் இருந்தால் பேட்டரியும் சார்ஜும் சரி. கனமான ஒயர் பேனல் பக்கமே வரத் தேவையில்லை. ஹெட்லைட் இரண்டும் 60 வாட் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். அதைச் சின்னச் சுவிட்ச் தாங்க வேண்டாம் என்று ரிலே போட்டு, தனித்தனி ஃபியூஸும் வைத்தார்.

எல்லாம் மாட்டி சாவியைத் திருப்பினால் டீசல் முள் அசையவில்லை, மீட்டர் விளக்கும் எரியவில்லை. அப்பாதான் சொன்னார், "எர்த் இல்ல." பழைய இரும்புத் தகடு பாடியோடு ஒட்டியிருந்ததால் மீட்டர்களுக்கு எர்த் தானாகக் கிடைத்தது. புதுப் பேனலில் மீட்டர்கள் பிளாஸ்டிக் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. எல்லா மீட்டரையும் ஒரு கறுப்பு ஒயரால் கோத்து, சேஸிஸில் துருவைச் சுரண்டிய இடத்தில் முடுக்கியதும் முள் எழுந்தது. டேங்க்கில் அரைக்குக் கொஞ்சம் மேலே டீசல் இருந்தது.

எஃப்.சி. முடிந்தது. லைட், ஹாரன், வைப்பர் எல்லாவற்றையும் அதிகாரி போடச் சொல்லிப் பார்த்தார். ஓட்டிக் காட்டியது மகள். அப்பா வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். கிட்டே வந்து பார்க்கவில்லை.

இப்போது காபி அறுப்புக் காலத்தில் வாரக் கடைசிகளில் அவள் மேலே போகிறாள். மூட்டைகளோடு விடியற்காலையில் இறங்குகிறாள். சொட்டு மருந்து காலையும் இரவும் தவறாமல் நடக்கிறது. அப்பா இடது சீட்டில் உட்கார்ந்து வருகிறார்.

பேனலில் பழைய வைப்பர் சுவிட்ச் இருந்த இடத்தை அவள் காலியாக விடவில்லை. ஹீட்டர் சுவிட்சை அங்கே மாற்றியிருந்தாள். மலைக் குளிரில் டீசல் இன்ஜினை எழுப்ப முதலில் ஹீட்டரை அழுத்திப் பிடிக்க வேண்டும். வண்டி ஓடும்போது அதற்கு வேலையில்லை. இடது சீட்டிலிருந்து வலது கையை நீட்டினால் சரியாக எட்டும். பார்க்கவே தேவையில்லை.

தினமும் கிளம்பும்போது அவர்தான் அதை அழுத்துகிறார். வாய்விட்டு எண்ணுகிறார். பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

"ம்... இப்ப திருப்பு தாயி."