"அந்த இரும்பு மூடி என்ன டீச்சர்?"



போன வாரம் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்து நான் நடக்கிற படம் போட்டிருந்தேன். வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 1990-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் மட்டும் பேத்தியை விட்டுவிட்டு, "டீச்சர், பின்னால் தரையில் வட்ட வட்டமா இரும்பு மூடி இருக்கே, அது என்ன?" என்று கேட்டிருந்தார். வகுப்பிலும் அவர் அப்படித்தான்! பதில் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவை கண்காணிப்புக் கிணறுகள். நான் இப்போது மகள் வீட்டில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இருக்கிறேன். அந்த இடத்தில் முன்பு ஒரு டிரை கிளீனிங் கடை இருந்ததாம். கடை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. கீழே உள்ள தண்ணீரைச் சோதிக்கக் குழாய் இறக்கி மூடி போட்டிருக்கிறார்கள். அதற்குப் பின்தெருவில்தான் மகளும் மாப்பிள்ளையும் வாங்குவதற்கு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். இல்லாவிட்டால் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியப்போகிறது!

டிரை கிளீனிங் என்றால் தண்ணீர் இல்லாத சலவை. தண்ணீருக்குப் பதில் பெரும்பாலும் பெர்க்ளோரோஎத்திலீன் என்ற திரவம். சுருக்கமாக பெர்க். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் எண்ணெய் விட்டு, மிதக்கிறதா மூழ்குகிறதா என்று உங்களைக் கேட்டது நினைவிருக்கிறதா? பெர்க்கை விட்டால் அடியில் போய் உட்காரும். ஒரு லிட்டர் 1.6 கிலோ எடை. தரையில் சிந்தினால் மண்ணைத் தாண்டி, நிலத்தடி நீரையும் தாண்டி, கீழே களிமண் தடுக்கும்வரை இறங்கிக்கொண்டே இருக்கும். சாக்கடைக் குழாயில் ஊற்றினாலும் இணைப்புகள் வழியாகக் கசியும்.

இங்கே குடிநீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வரைதான் அனுமதி. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் பெர்க், 32 கோடி லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி என்றால் 26,000 லாரிக்கு மேல்.

இதே மாநிலத்தில் காம்ப் லெஜூன் என்ற மரைன் படை முகாம் இருக்கிறது. அதில் டராவா டெரஸ் என்ற குடியிருப்புக்குத் தண்ணீர் கொடுத்த ஒரு கிணற்றிலிருந்து சுமார் 900 அடி தூரத்தில், முகாமுக்கு வெளியே, ஒரு டிரை கிளீனிங் கடை. அதன் கழிவு செப்டிக் டேங்க்கில் போயிருக்கிறது. பெர்க்கைக் காய்ச்சி வடித்த பிறகு மிஞ்சும் சகதியைப் பாதையில் குழி நிரப்பப் போட்டிருக்கிறார்கள். 1985 ஜனவரியில் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 1,580 மைக்ரோகிராம்! அந்த முகாமின் தண்ணீரில் வேறு ரசாயனங்களும் கலந்திருந்தன. அங்கே குடியிருந்த ஒரு படைவீரரின் மகள் ஜேனி, ரத்தப் புற்றுநோயால் அதே 1985-ல் இறந்தாள். வயது ஒன்பது. தகப்பனார் விடாமல் போராடினார். அங்கே வசித்தவர்களின் மருத்துவத்துக்காக 2012-ல் வந்த சட்டம் அவள் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. "நாம குடிக்கிறது நகராட்சித் தண்ணிதானேம்மா" என்றாள் மகள். வாஸ்தவம்தான். ஆனால் பெர்க் ஆவியாகி, தரை விரிசல் வழியாக வீட்டுக்குள் வரும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். தரைக்குக் கீழே குழாய் செருகி, சின்ன விசிறி வைத்து, ஆவியைக் கூரைக்கு மேல் தள்ளிவிடுகிறார்கள். "விசிறி ஓடினா பயமில்லை அத்தை" என்றார் மாப்பிள்ளை. "ஓடுகிறவரைக்கும்னு சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன். பேத்தி நாள் முழுக்கத் தரையில் தவழ்கிறவள். இரண்டு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் அந்த வீட்டை விட்டுவிட்டார்கள். நல்ல பள்ளிக்கூடம் பக்கத்தில், விலையும் குறைவு என்று மகளுக்கு இன்னும் மனத்தாங்கல். இப்போது அதில் வேறு ஒரு குடும்பம் இருக்கிறது. சுவரோரம் வெள்ளைக் குழாய் மேலே போவது தெருவிலிருந்தே தெரிகிறது.

கடைக்காரரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் கழிவு நீரைச் சாக்கடையில் விடுவதுதான் தொழில் வழக்கமே. தனி ஒரு கடைக்காரரால் இவ்வளவு பெரிய செலவைத் தாங்கவும் முடியாது. இந்த மாநிலத்தில் 1997-ல் ஒரு சட்டம் போட்டு, பெர்க் போன்ற திரவங்கள் மீது வரி வசூலித்து, அந்த நிதியில் சுத்தம் செய்கிறார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. நம் பக்கத்துத் தோல், சாயத் தொழில்களுக்கு அப்போதே இப்படி ஒன்று செய்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

சரி, எப்படிச் சுத்தம் செய்வது? தண்ணீரை மேலே இறைத்து, காற்றடித்தும் கரி வழியாகச் செலுத்தியும் பெர்க்கைப் பிரிக்கலாம். ஆனால் மீன் குழம்பு வைத்த மண்சட்டியைக் கழுவி வைத்தாலும் மறுநாள் வாடை வரும் இல்லையா? களிமண்ணில் ஊறிய பெர்க்கும் அப்படித்தான் மெல்ல மெல்ல வெளியே வந்துகொண்டே இருக்கும். பல இடங்களில் இருபது, முப்பது வருடமாக இறைக்கிறார்கள்.

இன்னொரு வழிதான் என்னை அசத்தியது. டீஹாலோகாக்காய்டீஸ் என்று ஒரு நுண்ணுயிர். 1997-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தார் அதைத் தனியே பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். இது பெர்க்கைத் தின்கிறது என்று எழுதுகிறார்கள். உண்மையில் நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல அது பெர்க்கைச் சுவாசிக்கிறது. அதற்காகப் பூமிக்குள் தாவர எண்ணெயைச் செலுத்துகிறார்கள். இட்லி மாவு புளிப்பதுபோல வேறு நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்து ஹைட்ரஜனைத் தரும். அந்த ஹைட்ரஜன்தான் நம்ம ஆளுக்குச் சாப்பாடு. பெர்க்கில் நான்கு குளோரின். ஒவ்வொன்றாகக் கழற்றினால் கடைசியில் மிஞ்சுவது எத்திலீன். மாம்பழம் பழுக்கும்போது தானே விடுகிற அதே வாயு!

ஒரு சிக்கல் உண்டு. கடைசிக் குளோரினுக்கு முன்னால் வினைல் குளோரைடு என்ற நிலை. அது பெர்க்கைவிட மோசமான புற்றுநோய்க் காரணி. வேலை பாதியில் நின்றால், தொடங்கியதைவிடக் கெடுதல்.

இங்கே எண்ணெய் செலுத்தியாகிவிட்டது. அறிக்கைகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மாப்பிள்ளை எடுத்துக் காட்டினார். பெர்க் நன்றாக இறங்கியிருக்கிறது. வினைல் குளோரைடு ஏறியிருக்கிறது. எத்திலீன் இரண்டு கிணறுகளில் மட்டும் தலைகாட்டியிருக்கிறது. அடுத்த மாதிரி எடுப்பதற்குள் நான் ஊருக்குத் திரும்பிவிடுவேன். வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார்.