கொலுப்படியில் ஒரு நாய்

எங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவுக்கு நீங்கள் வந்தால் ஒரு விஷயம் உங்கள் கண்ணில் படாமல் போகாது. மரப்பாச்சி, தசாவதாரம், கல்யாணக் கோஷ்டி எல்லாம் அது அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். கடைசிப் படியில் மட்டும், செட்டியாருக்கும் செட்டியாரம்மாளுக்கும் பக்கத்தில், கன்னம் தொங்கும் பீங்கான் புல்டாக் நாய் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதன் கழுத்தில் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகக் கம்பளித் துண்டு ஒன்று.

"இது என்ன, பைரவர் வாகனமா?" என்று வருகிற மாமிகள் கேட்பார்கள். "ஆமாம் மாமி" என்று சொல்லிச் சுண்டலை நீட்டிவிடுவேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரின் மேற்கே, ஃபுட்ஸ்கிரே என்ற பேட்டையில். வந்த புதிதில் அடுத்த வீட்டு அம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, பெயரைக்கூடக் கேட்காமல், "நீங்கள் எந்தக் கட்சி?" என்றாள். தேர்தலைப் பற்றிக் கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, "எங்களுக்கு இன்னும் வோட்டு இல்லையே" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கொடியில் உலர்ந்த துணி விழாததுதான் குறை. அவள் கேட்டது கால்பந்துக் கட்சியை!

நாம் அறிந்த கால்பந்து அல்ல இது. பந்து இரு முனையும் கூம்பி, உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கும். காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம். ஆனால் எறியக் கூடாது, முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். பக்கத்துக்கு 18 பேர். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் 6 புள்ளி. குறி தப்பி ஓரத்து இடைவெளியில் போனால் அதற்கும் 1 புள்ளி உண்டு. கணக்குப் பரீட்சையில் விடை தப்பானாலும் வழி சரி என்று ஒரு மார்க் போடுவார்களே, அந்த மாதிரி தயாள குணம் படைத்த ஆட்டம்.

செப்டம்பர் வந்துவிட்டால் ஊரே மாறிவிடும். அங்கே அது வசந்த காலத்தின் ஆரம்பம். பல மாத ஆட்டங்கள் முடிந்து, முன்னணியில் நிற்கும் கட்சிகள் மட்டும் இறுதிச் சுற்றுக்குப் போகும். கடைசி ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் கூடுவார்கள். வாசல் கேட்டிலும் தபால் பெட்டியிலும் நாயின் கழுத்திலும் கட்சியின் வர்ணம்தான். ரொட்டிக் கடைக் கேக்குக்குக்கூடக் கட்சி உண்டு. இதெல்லாம் ஆண்பிள்ளைகளின் பைத்தியம் என்று எண்ணிவிடாதீர்கள். பாட்டிகளும் பேத்திகளும் கழுத்தில் கம்பளித் துண்டோடு மைதானத்துக்குப் போவார்கள். நடுவரை வாயார வைவார்கள்.

எங்கள் பேட்டையின் கட்சிக்கு 'புல்டாக்ஸ்' என்று பெயர். 1954-ல் மெல்போர்ன் கட்சியை 51 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்துக் கோப்பை வாங்கினார்கள். அதோடு சரி. அன்று அடுத்த வீட்டு அம்மாளுக்கு எட்டு வயது. தகப்பனார் தோளில் உட்கார்ந்து பார்த்தாளாம். கல்யாணமும் அதே கட்சிக்காரரோடுதான். புருஷனும் மனைவியும் வருஷா வருஷம் போவதும், தோற்பதும், திரும்புவதுமாக ஆயுளைக் கழித்தார்கள். 1997-ல் கோப்பைக்கு ஒரு படி கீழே, இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அன்று வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, அவர் ஒரு மணி நேரம் இறங்கவே இல்லையாம். "நான் ஒன்றும் சொல்லவில்லை. டீயைக் காருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்" என்றாள்.

தோல்விகூடப் பெரிதில்லை. 1989-ல் கடன் மிஞ்சிவிட்டது என்று சொல்லி, இந்தக் கட்சியை ஃபிட்ஸ்ராய் என்ற இன்னொரு கட்சியோடு சேர்த்துவிட ஏற்பாடாகிவிட்டது. அப்போது ஐரீன் சாட்ஃபீல்ட் என்ற ரசிகை கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினாள். பணம் திரட்டச் சில வாரங்களே கெடு. ஜனங்கள் தெருவில் தகர டப்பாவைக் குலுக்கினார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். கட்சி பிழைத்தது. ஃபிட்ஸ்ராய்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை; 1996-ல் அது தூர ஊரான பிரிஸ்பேனின் கட்சியோடு இணைந்துபோயிற்று. அடுத்த வீட்டு அம்மாளும் டப்பா குலுக்கியவள்தான். அந்த டப்பாவில்தான் இன்றைக்கும் பட்டன் போட்டு வைத்திருக்கிறாள்.

அவள் கணவர் 2013-ல் காலமானார். இன்னொரு கோப்பையை அவர் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில் என் பிள்ளைக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றே அவனும் புல்டாக்ஸ் ஆகிவிட்டான். 2013, 2014, 2015 மூன்று வருஷமும் கோப்பையை வாங்கியது ஹாதார்ன் என்ற கட்சி. "அம்மா, நான் ஹாதார்னுக்கு மாறிவிடட்டுமா? எல்லாரும் என்னைக் கேலி செய்கிறார்கள்" என்று ஒரு நாள் அழுதான். "மாறிக்கொள்ளேன், என்ன மோசம்?" என்றேன் நான். வேலிக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மாள் குழாயை நிறுத்தினாள்.

"குழந்தை, உன் அம்மாவைவிட நன்றாகச் சமைக்கும் அம்மா எங்கேயாவது இருப்பாள். அவளிடம் போய்விடுவாயா?"

அவன் யோசித்தான். என் சமையலைப் பற்றி இவ்வளவு நேரம் யோசிக்க வேண்டுமா என்று எனக்குக் கோபம். ஆனாலும் அவன் மாறவில்லை.

2016 வந்தது. 18 கட்சிகளில் முதல் எட்டுக்கு இறுதிச் சுற்றில் இடம். எங்கள் கட்சி ஏழாவது. ராபர்ட் மர்ஃபி என்ற தலைவர், 2000-லிருந்து இந்த ஒரே கட்சிக்கு ஆடியவர், ஏப்ரல் மாதமே முழங்கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். ஏழாவது இடத்திலிருந்து போனால் நான்கு வாரமும் ஜயிக்க வேண்டும். ஒன்றில் தோற்றாலும் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

முதல் வாரம் பெர்த்தில், கண்டத்தின் மறு கோடியில் ஜயித்தார்கள். இரண்டாவது வாரம் அந்த ஹாதார்னையே தோற்கடித்தார்கள். என் பிள்ளை அன்று சாப்பிடாமலே தூங்கிப்போனான், சிரித்த முகத்தோடு. மூன்றாவது வாரம் சிட்னியில். ஜனங்கள் காரிலும் பஸ்ஸிலும் சுமார் 900 கிலோமீட்டர் போனார்கள். 6 புள்ளியில் வெற்றி!

கடைசி ஆட்டம் அக்டோபர் 1, சனிக்கிழமை. டிக்கெட் குலுக்கலில் அந்த அம்மாளின் பெயர் விழவில்லை. அறுபது வருஷம் மழையிலும் குளிரிலும் நின்றவளுக்கு அந்த ஒரு நாள் இடமில்லை. எனக்கு வயிறு எரிந்தது. "இருக்கட்டும், ஆனால் வீட்டில் தனியாக இருந்து பார்க்கமாட்டேன். அவர் நாற்காலி எதிரேயே இருக்கிறது" என்றாள்.

"எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, அன்றுதான் நவராத்திரி ஆரம்பம்! முதல் நாள் மகாளய அமாவாசை. ஆட்டத்தை முன்னிட்டு மாகாணம் முழுவதும் விடுமுறை. நகரத்தில் ஆட்டக்காரர்கள் ஊர்வலம் போய்க்கொண்டிருக்க, நான் வீட்டில் படி கட்டிப் பொம்மை அடுக்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வந்தாள். கழுத்தில் பழைய கம்பளித் துண்டு. கையில் அந்தப் பீங்கான் நாய். கணவர் அதை டெலிவிஷன் மேலே வைத்துத்தான் ஆட்டம் பார்ப்பாராம். எங்கள் டெலிவிஷன் தகடு மாதிரி. அதன் மேலே எதை வைப்பது? சுற்றுமுற்றும் பார்த்தவள் கண்ணில் கொலுப்படி பட்டது. "இங்கே வைக்கலாமா? உங்கள் சுவாமிகள் கோபித்துக்கொள்வார்களோ?" என்றாள். தசாவதாரத்தில் மீனும் ஆமையும் பன்றியும் நிற்கும்போது நாய்க்கு மட்டும் என்ன குறை? வைக்கச் சொன்னேன்.

பாதி ஆட்டத்தில் எதிர்க்கட்சியான சிட்னி கொஞ்சம் முன்னால். அம்மாள் சுண்டல் கிண்ணத்தைக் கையில் வைத்தபடியே இருந்தாள். ஒரு கடலை வாய்க்குப் போகவில்லை. கடைசிப் பகுதியில் டாம் பாய்ட் என்ற இளைஞன் வெகு தூரத்திலிருந்து உதைத்த பந்து, தரையில் விழுந்து, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று யோசிப்பதுபோல் குதித்து, நடுக் கம்பங்களுக்குள் உருண்டு போயிற்று. என் பிள்ளை போட்ட கூச்சலில் கிருஷ்ணன் பொம்மை ஆடியது. 89-க்கு 67. அறுபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு கோப்பை!

அந்த அம்மாள் கத்தவில்லை. அழவும் இல்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

பரிசளிப்பு நடந்தது. பயிற்சியாளர் பெவரிட்ஜ் தம் கழுத்தில் போட்ட பதக்கத்தோடு ஒலிபெருக்கி முன்னால் வந்து, அன்று ஆடவே ஆடாத மர்ஃபியை மேடைக்குக் கூப்பிட்டார். தம் பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். அப்போதுதான் அம்மாள் விம்மி விம்மி அழுதாள். எனக்குக் காரணம் கேட்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்துவிட்டு, அந்த ஒரு நாள் களத்தில் இல்லாமல் போன ஒருவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். மர்ஃபி அந்தப் பதக்கத்தைத் தாமே வைத்துக்கொள்ள மனமில்லாமல் பிற்பாடு திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

மறுநாள் பேட்டை மைதானத்தில் கோப்பையைக் காட்டினார்கள். கூட்டம் அலை மோதியது. அங்கே போவதற்கு முன்னால் அம்மாள் எங்களையும் அழைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். கணவரின் கல்மேல் தன் கம்பளித் துண்டைக் கட்டினாள். பத்திரிகையைப் பிரித்து, ஊரிலிருந்து வந்த கடிதத்தைப் படிப்பதுபோல, ஒவ்வொரு பகுதியின் புள்ளிகளையும் நிதானமாகப் படித்தாள். சற்றுத் தள்ளி வேறு இரண்டு கற்களிலும் அதே வர்ணத் துண்டுகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

பொம்மையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். ராசியான இடம்" என்றாள். கழுத்துத் துண்டு மட்டும் பிறகு அவளே பின்னிக் கொடுத்தது.

ராசியைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2021-ல் மறுபடியும் கடைசி ஆட்டம் வரை போனார்கள். எதிரே மெல்போர்ன் கட்சி. 1964-க்குப் பிறகு கோப்பையே காணாதவர்கள். கொள்ளை நோயால் நகரம் பூட்டிக் கிடந்தது, ஆட்டமோ பெர்த்தில். எங்கள் கட்சி 74 புள்ளியில் தோற்றது. யாரும் யார் வீட்டுக்கும் போகக் கூடாத காலம். ராத்திரி வேலியோரம் நின்று, "வருத்தமாக இருக்கிறதா?" என்றேன்.

"இருக்காதா? ஆனால் அவர்கள் 57 வருஷம் காத்திருந்தார்கள். ஜயித்த நாளில் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளக்கூட முடியாமல் வீட்டுக்குள்ளே இருக்கிறார்கள், பாவம்" என்றாள்.

பதினான்கு வயதுப் பிள்ளை உள்ளே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்சி மாறுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. காப்பியை அவன் அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.