கொய்தாவைத் தடுத்த கை

கோர்படி, புனே

ரயில்வேயையும் ராணுவத்தையும் ஒட்டி வளர்ந்த பகுதி கோர்படி. இங்குள்ள தமிழ் வீடுகளிலும் இந்தப் பேச்சு உண்டு: "பரீட்சைக்குப் படிக்கிறேன்னு சொல்லிட்டு டீக்கடையே கதின்னு கெடக்கான்." பட்டம் வாங்கியும் சம்பளம் வாங்காத பையனுக்கு ஊர் தரும் பெயர், வெட்டிப் பயல்.

அப்படிப்பட்ட பையன்கள் ஆயிரக்கணக்கில் தங்கியிருக்கும் இடம், இங்கிருந்து சில கிலோமீட்டர் மேற்கே உள்ள சதாசிவ் பேட்டை. மகாராஷ்டிர அரசுப் பணித் தேர்வுக்காகக் கிராமங்களிலிருந்து வந்து, ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு, 'அப்யாசிகா' என்னும் படிப்பகங்களில் பொழுதைக் கழிப்பவர்கள்.

2023 ஜூன் 27, காலை நேரம். காதலை மறுத்த கல்லூரி மாணவியை ஒருவன் அந்தப் பேட்டைத் தெருவில் கொய்தாவோடு துரத்தினான். கொய்தா என்பது நம்மூர் அரிவாள்தான். அவள் ரத்தம் வழிய ஓடினாள். கண்காணிப்பு கேமராவில் எல்லாம் பதிவானது. பார்த்தவர் பலர், பலரும் ஒதுங்கினார்கள்.

தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த லேஷ்பால் ஜவளகே ஒதுங்கவில்லை. அவள் தலைக்கு மேலே ஓங்கிய கொய்தாவை மறித்துப் பிடித்தார். கையில் ஒரு தடியும் இல்லை. ஹர்ஷத் பாட்டீல் என்ற இளைஞரும் துணைக்கு ஓடி வந்தார். பிறகுதான் கூட்டத்துக்குத் துணிவு வந்தது. தாக்கியவனைப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள். கடமை தவறியதாகப் பக்கத்துப் பெருகேட் காவல் சாவடியைச் சேர்ந்த காவலர்கள் மீது பணியிடை நீக்க நடவடிக்கை பாய்ந்தது. இளைஞர்களுக்கு அப்போதைய முதலமைச்சர் ஏக்நாத் ஷிண்டே பரிசுத்தொகை அறிவித்தார்.

அந்தப் பெண் உயிர் பிழைத்தாள்.

தமிழர்களுக்கு இது வேறொரு காலையை நினைவூட்டாமல் இராது. 2016 ஜூன் 24, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையம். பயணிகள் இருந்த நடைமேடையிலேயே ஓர் இளம் மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். குறுக்கே பாய்ந்து தடுக்க ஒரு கை நீளவில்லை. புனே சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்பு, டெல்லி ஷாபாத் டெய்ரியில் 16 வயதுச் சிறுமியை ஒருவன் கத்தியால் குத்திக்கொண்டே இருக்க, ஆட்கள் கடந்து போனதையும் கேமரா காட்டியது.

லேஷ்பாலைப் போல ஒதுங்காதவர்கள் வேறு ஊர்களிலும் உண்டு. பாரிஸில் 2018 மே மாதம், பால்கனியில் தொங்கிய குழந்தையைக் காக்க வெறுங்கையால் நான்கு மாடி ஏறிய மாமுது கசாமா, மாலி நாட்டிலிருந்து உரிய ஆவணமின்றி வந்தவர். பிரான்ஸ் அவருக்குக் குடியுரிமையும் தீயணைப்புத் துறையில் இடமும் தந்தது. அதுவரை அந்த நகரத்துக்கு அவர் யாரோ ஒருவர்.

இன்னொருவர் உயிரைக் காக்கக் குறுக்கிடும் உரிமையை நம் சட்டமே தருகிறது. அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 97-ஆம் பிரிவு; இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவு. எல்லாரும் ஆயுதத்தைப் பிடிக்க வேண்டியதில்லை. கூச்சல் போடலாம், கல்லெடுத்து எறியலாம், நாலு பேரைச் சேர்க்கலாம், 112-ஐ அழைக்கலாம். வேடிக்கை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டில் வேலை தேடிக்கொண்டிருக்கும் பிள்ளையை வெட்டிப் பயல் என்று சொல்வதையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.