வட்டியின்றிச் சூரிய மின்சாரம்: எங்கள் வீட்டுக் கணக்கு



வீட்டு மாடியில் சூரிய மின்தகடு பொருத்துவது குறித்து, மதரஸாவுக்கு வரும் பெற்றோர் பலர் எங்களிடம் வினவுகின்றனர். அவர்களின் ஐயம் தகட்டைப் பற்றியதன்று. "பேங்க் லோன் வாங்கலாமா ஹஜ்ரத்?" என்பதே அது.

2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒன்றிய அரசு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் எனில் 78,000 ரூபாயும் மானியம் வழங்குகிறது. அதனைப் பெறுவதில் மார்க்கத் தடையேதும் இல்லை. சிக்கல் அது வந்து சேரும் வேளையில் உள்ளது. தகடு பொருத்தி, மின்வாரியத்தார் ஆய்வு செய்து, இருவழி மீட்டர் மாட்டிய பின்னரே மானியம் நம் கணக்கிற்கு வரும். அதுவரை முழு விலையையும் நாமே சுமக்க வேண்டும். அவ்விடைவெளியில்தான் வங்கிக் கடன் நுழைகிறது. பிணை தேவையில்லை, வட்டியும் குறைவு என்கின்றனர். அளவு குறைந்தமையால் வட்டி தன் பெயரை இழந்துவிடுவதில்லை.

எங்கள் வீட்டில் கோடைக்காலத்து இருமாதக் கட்டணம் மூவாயிரம் ரூபாயை நெருங்கியது. மதரஸா ஊதியத்தில் அது சிறு தொகையன்று. 2 கிலோவாட்டுக்கு 1,30,000 ரூபாய் விலை கூறினர். அதில் 60,000 மானியமாகத் திரும்பிவிடும். ஆகவே உண்மையில் எங்கள் பங்கு 70,000 மட்டுமே. அதில் 45,000 கைச்சேமிப்பு. மீதி 25,000, வீட்டார் சேர்ந்திருந்த ஏலமில்லாச் சீட்டில் கிடைத்தது. அந்தச் சீட்டின் முறை வருவதற்காகவே ஏழு மாதங்கள் காத்திருந்தோம். அண்டை வீட்டார் மூவர் எங்களுக்கு முன்பே கடனில் பொருத்திவிட்டனர். அந்நாட்களில் ஒவ்வொரு மின்கட்டணமும் மனத்தை அசைக்கத்தான் செய்தது.

எஞ்சிய 60,000 ரூபாயை வளைகுடாவில் பணிபுரியும் மச்சான் கர்ளன் ஹஸனாவாக, அதாவது அழகிய கடனாகத் தந்தார். எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பியபோது, "நமக்குள்ள எதுக்கு மச்சான் எழுத்து?" என்று சிரித்தார். குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகரா 282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே என்பதை நினைவூட்டினோம். ஆறு வாரங்களில் மானியம் வந்தது. அன்றே திருப்பிச் செலுத்தினோம், அல்ஹம்துலில்லாஹ்.

கடைக்காரர்கள் கூறும் "வட்டியில்லாத் தவணை" குறித்து ஒரு சொல். ஒப்பந்தம் யாருடன் என்று பாருங்கள். பெரும்பாலும் நிதி நிறுவனத்துடன் இருக்கும். தவணை தவறினால் தொகை ஏறும். விற்பவரே பொருளுக்கு உரிமையாளராக இருந்து, தவணை விலையை ஒரே விலையாக முன்கூட்டியே முடிவு செய்து, தாமதத்திற்காக அதனை உயர்த்தாமல் இருந்தால் அது கூடும். ரொக்க விலையினும் அது கூடுதலாக இருப்பது குற்றமன்று.

ஸகாத் பற்றியும் கேட்கின்றனர். தகட்டுக்கென ஒதுக்கிய பணமாயினும், பிற சேமிப்போடு சேர்ந்து நிஸாபை எட்டி ஒரு ஹிஜ்ரி ஆண்டு நிறைந்தால் ஸகாத் உண்டு. வீட்டு உபயோகத்திற்குப் பொருத்திய தகட்டுக்கு இல்லை.

2 கிலோவாட் நல்ல வெயிலில் நாளொன்றுக்கு எட்டு யூனிட் அளவில் தருகிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் வரை மிச்சமாவதால், எங்கள் 70,000 ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் மீளும். தகட்டின் ஆயுள் இருபத்தைந்து ஆண்டுகள். இன்வெர்ட்டரை இடையில் மாற்ற நேரிடலாம். மின்வெட்டின்போது இவ்வமைப்பும் நின்றுவிடும். கம்பியில் பணி செய்வோரின் உயிர்காக்க அவ்வாறு அமைத்துள்ளனர். பேட்டரி சேர்த்தால் செலவு மிகும் என்பதால் நாங்கள் சேர்க்கவில்லை. இதைக் கேட்டு எங்கள் இளைய மகன்தான் மிகவும் ஏமாந்து போனான்.

வெளிநாட்டில் மச்சான் இல்லாதவர் என்ன செய்வார்? அவருக்குத் தேவைப்படுவது சில வாரங்களுக்கான 60,000 ரூபாய். அது திரும்பி வரும் வழியும் தெரிந்ததே. நமது மஹல்லா பைத்துல்மாலில் இதற்கென மூன்று இலட்சம் ரூபாயைத் தனியே வைத்தால், ஒரே வேளையில் ஐந்து வீடுகளுக்குக் கைகொடுக்கலாம். திரும்பியதும் அடுத்த ஐந்து வீடுகள். ஸகாத் நிதியை இதில் கலக்காமல், வசதியுள்ளோரின் நன்கொடையிலிருந்தே திரட்ட வேண்டும். கடன் பெறுவோர் எழுத்தும் இரு சாட்சிகளும் தர வேண்டும். இவ்விவரங்களுடன் ஜமாஅத் நிர்வாகத்திடம் மனு அளித்துள்ளோம். ஷஅபான் மாதக் கூட்டத்தில் அது எடுத்துக்கொள்ளப்படும், இன்ஷா அல்லாஹ்.