மேலிருந்து தொங்கும் கயிறு

பழனி மலையின் பாறை முகடுகளில் கயிறு ஏறுவது பளியர்களுக்கு விளையாட்டு அல்ல, பிழைப்பு. கொடைக்கானலைச் சுற்றிய காடுகளின் பூர்வகுடிகள் அவர்கள்.

மலைத்தேனீ செங்குத்துப் பாறையின் துருத்திய விளிம்புக்கு அடியில் அடை கட்டும். காட்டுக்கொடியை முறுக்கிக் கயிறாக்கி, மேலே கட்டிவிட்டுப் புகைப்பந்தத்தோடு இறங்குவார்கள். அடையை அறுத்தபின் அதே கயிற்றில் மேலே ஏறியாக வேண்டும். தேன் எடுக்கப் பாறையில் சார்த்திய 'மால்பு' என்ற கண்ணேணியைச் சங்க நூலான மலைபடுகடாம் சொல்கிறது. அவ்வளவு பழைய தொழில் இது!

இதே திறமைக்கு உலகம் பதக்கமும் தந்திருக்கிறது. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் கயிறு ஏறுதலும் ஒரு போட்டி. கயிற்றின் நீளம் 14 மீட்டர். உச்சியைத் தொட்டவர்கள் இருவரே. 1904இல் செயின்ட் லூயிஸில் தங்கம் வென்ற ஜார்ஜ் ஐசருக்கு ஒரு கால் மரக்கால். 1932க்குப் பிறகு ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி இல்லை.

ஏறும் விதங்கள் பல. ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர் தரையில் அமர்ந்து தொடங்கி, கால் உதவியின்றிக் கைகளாலேயே ஏறுவார். ராணுவப் பயிற்சியில் பாதங்களுக்கிடையே கயிற்றைப் பூட்டி, கால் வலுவால் உயர்வார்கள். கை சீக்கிரம் சோராது. இந்திய மரபு விளையாட்டான மல்லகம்பத்தின் கயிற்று வகையில் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கயிறு இறுகும்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் மல்லகம்பமும் இடம்பெற்றது. அந்த மேடைக்குப் பிள்ளைகள் தயாராகக் கொடைக்கானல் மலைப் பள்ளிகளிலும் ஒரு கயிறு தொங்க வேண்டும். அதில் பளியர் வீட்டுப் பிள்ளைகள் முதலில் ஏறட்டும்.