பாண்டிக்குப் போவது சுலபம்!

சென்னை ஆபீஸ்களில் பாண்டிச்சேரி டூர் என்பது புதன்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு, டீ கிளாஸும் கையுமாக நிற்கும்போது பிறக்கிறது. வியாழக்கிழமை பதினோரு பேர் பெயர் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு பேர் மிஞ்சுவார்கள். சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு என்றால், ஏழே முக்காலுக்கு வண்டி கிளம்பும். இது உலக நியதி!

அடியேன் பி.காம். எந்த ஆபீஸ் ரிஜிஸ்டரிலும் கையெழுத்துப் போடாமல், பத்திரிகைகளுக்கு எழுதிக் காலட்சேபம் செய்பவன். இருந்தாலும் டூர் என்றால் நண்பர்கள் என்னைத் தவறாமல் சேர்த்துக்கொள்வார்கள். என் அழகான பேச்சுக்காக அல்ல. பெட்ரோல், டோல், டிபன் என்று எழுதி, கூட்டி, நாலால் வகுக்க ஓர் ஆள் வேண்டுமே! அப்படிப் பலமுறை கணக்கு எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன்... பாண்டிக்குத் திட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் போவதற்குத்தான் திட்டம் போடுகிறார்கள். திரும்பி வருவதற்கு யாரும் போடுவதில்லை.

எந்த ரூட்டு?

முதல் சண்டை இதில்தான் ஆரம்பிக்கும்.

ஜி.எஸ்.டி. ரோடு கட்சிக்காரர், “தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம்... அங்கே ஒரு லெஃப்ட். நேரா பாண்டி. நடுவுல தடுப்பு இருக்கு, எதிர்ல வர்றவன் நம்ம மேல ஏற மாட்டான்” என்பார். நியாயமான பேச்சு. ஆனால், லாரிகளுக்கும் தென் மாவட்ட பஸ்களுக்கும் அதே ரோடுதான்.

ஈ.சி.ஆர். கட்சிக்காரர் கொஞ்சம் கவிஞர். “கடலைப் பார்த்துக்கிட்டே போகலாம் மச்சி!” என்பார். பார்க்கலாம், பார்க்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைவிட அதிகம் கண்ணில் படுவது ‘கடல் தெரியும் மனைகள் விற்பனைக்கு’ என்ற போர்டுதான். நடுவில் சவுக்குத் தோப்பு, ரிசார்ட் சுவர். அதையும் தாண்டி எங்கேயாவது நீலமாக எட்டிப் பார்த்தால் உண்டு.

தூரத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. எந்த வழியில் போனாலும் நூற்றைம்பதிலிருந்து நூற்றெழுபது கிலோமீட்டருக்குள். டோல் இரண்டு பக்கமும் உண்டு. தொகை அவ்வப்போது ஏறும். (இறங்கியதாக என் நோட்டில் பதிவு இல்லை!) திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை சனிக்கிழமை காலைக் கூட்டத்தில் ஊர்ந்து போகப் பொறுமை இல்லாதவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. பழைய மகாபலிபுரம் ரோட்டில் நேராகப் போய், மாமல்லபுரத்துக்கு அருகே பூஞ்சேரியில் ஈ.சி.ஆரைப் பிடிக்கலாம்.

இன்னொரு சூட்சுமம். தெற்கே போகும்போது காலை வெயில் இடது பக்கம். சாயந்திரம் வடக்கே திரும்பும்போது மேற்கு வெயிலும் இடது பக்கம்! ஆக, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார அடித்துக்கொள்கிறவர் போகும்போதும் வேகுவார், வரும்போதும் வேகுவார். இந்த ரகசியம் தெரிந்த நாள் முதல் நான் பின் சீட்டில், வலது ஓரம்.

இரண்டே இரண்டு

ஈ.சி.ஆரில் போவது என்று முடிவானால், அடுத்த கேள்வி எங்கெங்கே நிறுத்துவது. லிஸ்ட் போட்டால் நீளும். முட்டுக்காட்டில் படகு. பக்கத்திலேயே தென்னிந்திய வீடுகளைப் பெயர்த்துக்கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் தக்ஷிணசித்ரா (செவ்வாய்க்கிழமை லீவு). 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை (திங்கட்கிழமை லீவு. முதலைக்குக்கூட வாரம் ஒருநாள் ஓய்வு இருக்கிறது, நம் மேனேஜர்கள் கவனிக்க!). சாளுவன்குப்பத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்த பழைய முருகன் கோயில். அப்புறம் 1984-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மாமல்லபுரம். இது ஒன்றுக்கே ஒரு நாள் போதாது.

மாமல்லபுரம் தாண்டினால் கூட்டம் குறையும். கல்பாக்கம், பாலாறு, பிறகு கடப்பாக்கத்தில் ஆலம்பரை கோட்டை. 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயர்களிடம் அடி வாங்கிய கோட்டை. இடிந்த சுவர்களுக்குப் பின்னால் கழிமுகமும் கடலும் ஒன்றாகத் தெரியும். அங்கே போய் நின்றால் கவிஞர் கட்சிக்காரரை மன்னித்துவிடலாம். அதற்கப்புறம் மரக்காணம் உப்பளங்கள். அதை ஒட்டி, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரி.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பாண்டிக்கும் போய்விட்டு அன்றைக்கே திரும்புவது என்று லிஸ்ட் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எதையும் பார்ப்பதில்லை. ஒவ்வோர் இடத்திலும் இறங்கி, போட்டோ எடுத்து, ‘டைமாச்சு, டைமாச்சு’ என்று ஏறுகிறார்கள். அந்தக் கடனை வண்டியின் வேகத்தில்தான் அடைக்கிறார்கள். என் விதி இதுதான்: போகும்போது ஓரிடம், வரும்போது ஓரிடம். மீதிக்கு இன்னொரு சனிக்கிழமை வராமலா போகும்?

சங்க காலத்து ரூட் மேப்

இந்தப் பக்கத்துக்கு டூர் பிளான் போட்ட முதல் ஆசாமி நாமல்ல. சங்க காலத்திலேயே நல்லூர் நத்தத்தனார் என்ற புலவர் சிறுபாணாற்றுப்படையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற பாணன், வறுமையில் எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். முதலில் எயிற்பட்டினம். அதுதான் இன்றைய மரக்காணம் என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. பிறகு வேலூர் (கோட்டை இருக்கும் வேலூர் அல்ல), ஆமூர், கடைசியில் கிடங்கில். கிடங்கில் இன்றைக்குத் திண்டிவனத்தின் ஒரு பகுதி.

அந்த மேப்பில் தூரம் கிடையாது. டோல் கிடையாது. மெனு உண்டு! எயிற்பட்டினத்தில் மீனவர் வீட்டில் சுட்ட குழல் மீன், கூடவே பழைய தேறல். வேலூரில் வேட்டுவர் வீட்டுப் புளிச்சோறும் சுட்ட கறியும். ஆமூரில் உழவர் வீட்டு வெள்ளைச் சோறும் நண்டுக் கலவையும். இந்த ஊரில் யார் இருக்கிறார்கள், உனக்கு என்ன கொடுப்பார்கள் என்பதுதான் வழி அடையாளமே. ரோடு ஓரத்து மனுஷர்கள்தான் மைல்கல்!

நம் செல்போன் மேப்பில் இது கிடையாது. அதில் நீலக் கோடு ஒன்று, ‘2 மணி 50 நிமிடம்’ என்று ஒரு நம்பர். கோட்டின் இரண்டு பக்கமும் யாரும் குடியிருப்பதாகவே தெரியாது.

பதினைந்து நிமிஷ லாபம்

1998-ல் இந்த ஈ.சி.ஆர். எப்படி உருவானது தெரியுமோ? கடலோரக் கிராமங்களுக்கு இடையே இருந்த சின்னச் சின்ன ரோடுகளைச் சேர்த்து, அகலமாக்கி, ஒரே சாலையாக்கினார்கள். 2002-லிருந்து டோல். அதாவது, ஊர்களுக்கு நடுவே ரோடு போகவில்லை. ஊர் ரோடுதான் ஹைவே ஆகியிருக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே வெகுகாலம் தடுப்பில்லாத இருவழிதான். நான்கு வழியாக்கும் வேலையைக் கையில் எடுத்த பிறகு, போன மாதம் பார்த்த வளைவு இந்த மாதம் அதே இடத்தில் இருக்கும் என்பது நிச்சயமில்லை.

ஒருமுறை நாங்கள் நாலு பேர் பாண்டியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது சாய்கிற நேரம். மரக்காணம் தாண்டி ஒரு குப்பம். ஓட்டியவர் ஒரு கம்பெனியில் கேஷியர், நிதானமானவர். அன்றைக்கு மட்டும் வீட்டில் யாரோ வரப்போகிறார்கள் என்று அவசரம். திடீரென்று பிரேக். டயர் கத்தியது. வண்டிக்கு நாலடி முன்னால், தலையில் மீன் கூடையோடு ஒரு பாட்டி. கூடை அசையவில்லை. பாட்டியும்தான்!

நிதானமாக டிரைவர் பக்கம் வந்து குனிந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டோம். திட்டவில்லை.

“ஏம்ப்பா, இது எங்க ஊட்டு வாசலு. ஒங்க ஊட்டு வாசல்ல இப்பிடித்தான் ஓட்டுவியா?”

கேஷியருக்குக் கை நடுங்கியது. “மன்னிச்சிடுங்க பாட்டி” என்றார். “போ, போ. பாத்துப் போ. புள்ளைங்க வெளயாடுற நேரம்” என்று சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். அதன் பிறகு திருவான்மியூர் வரை வண்டியில் பாட்டுப் போடவில்லை. யாரும் போடச் சொல்லவும் இல்லை.

அன்றைக்கு ராத்திரி டூர் கணக்கோடு இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். மாமல்லபுரத்திலிருந்து பாண்டி, முழுசாக நூறு கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 75 நிமிஷம். 100-ல் போனால் 60 நிமிஷம். எங்கேயும் நிறுத்தாமல், மாடு குறுக்கே வராமல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தால் லாபம் பதினைந்து நிமிஷம்! ஒரு டீயும் மசால் வடையும் சாப்பிடுகிற நேரம்.

செலவுப் பக்கம் பாருங்கள். 80-ல் போகும் வண்டி ஒரு செகண்டில் 22 மீட்டர் தாண்டுகிறது. 100-ல் கிட்டத்தட்ட 28 மீட்டர். பாட்டியைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் இது ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்க ஆகும் தூரம், வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதாவது, வேகத்தைக் கால் பங்கு கூட்டினால் நிற்கும் தூரம் ஒன்றரை மடங்குக்கு மேல். பதினைந்து நிமிஷ வரவுக்கு இந்தச் செலவு. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

நாலு போர்டு

பாண்டிக்குள் நுழைவதே ஒரு தமாஷ். கனகசெட்டிக்குளத்தில் ‘புதுச்சேரி வரவேற்கிறது’. காலாப்பட்டு தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. ஆரோவில்லுக்குத் திரும்பும் இடம், கோட்டக்குப்பம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். அப்புறம் மறுபடி புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் 1954-ல் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். துண்டு துண்டான எல்லைகளை மட்டும் நமக்கு விட்டுவிட்டார்கள்.

இந்த எல்லையில் இரண்டு விஷயம் நம் இளைஞர்களைக் கிறங்க வைக்கும். ஒன்று, பெட்ரோல் விலை குறைவு. லிட்டருக்கு நாலு ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், முப்பது லிட்டருக்கு நூற்றிருபது. சந்தோஷமாக நிரப்பிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது... உங்களுக்கே தெரியும்! அதிலும் விலை குறைவுதான். ஆனால், அந்தப் பாட்டிலைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். செக்போஸ்ட்டில் பிடித்தால் வண்டியே போய்விடும். உள்ளே போன சரக்குக்கு வேறு கணக்கு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்து ஓட்டினால், முதல் தடவையே பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை ஜெயிலோ, இரண்டுமோ! 2019-ல் வந்த திருத்தம். “ரெண்டே ரெண்டு பீர்தானே மச்சி?” என்று கேட்பவரிடம் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நட்பு கெட்டால் திங்கட்கிழமை டீக்கடையில் சரிசெய்துகொள்ளலாம்.

ஊருக்குள் போனால் வண்டியை எங்கேயாவது நிறுத்திவிட்டு நடந்துவிடுங்கள். பீச் ரோட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. கார் இல்லாத ரோட்டில் குழந்தைகள் ஓடுவதைப் பார்ப்பதற்காகவே அங்கே போய் உட்காரலாம்.

கடைசி வரி

இப்போது என் நோட்டுக்கு வருகிறேன். பெட்ரோல், டோல், டிபன், சாப்பாடு எல்லாம் எழுதிய பிறகு, இப்போதெல்லாம் கடைசியாக ஒரு வரி சேர்க்கிறேன்: ‘திரும்புதல்’. அதில் மூன்று அயிட்டம்.

ஒன்று, ஓட்டுகிறவர் முதல் நாள் ராத்திரி ஒழுங்காகத் தூங்கியிருக்க வேண்டும். மத்தியானம் பிரியாணிக்குப் பிறகு அரை மணி நேரம் கண்ணை மூட அவருக்கு இடம் பார்த்துத் தர வேண்டும். நாலு பேரில் இன்னொருவரிடமும் லைசென்ஸ் இருந்தால் நல்லது. (என்னிடம் இருக்கிறது. இருந்தாலும் பின் சீட்டு வலது ஓரத்தை விட மனசு வரவில்லை!)

இரண்டு, அன்றே திரும்புவதானால் மூன்று மணிக்குப் பாண்டியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அப்போதுதான் வெளிச்சம் இருக்கும்போதே குப்பங்களைத் தாண்ட முடியும். பீச் ரோட்டில் சாயந்திரக் காற்று வாங்க ஆசையா? ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் வாருங்கள். ரூம் வாடகை ஆஸ்பத்திரி வாடகையைவிடக் குறைவு. பைக்கில் போகிற தம்பிகளுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். ஹெல்மெட் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்து.

மூன்று, ‘லேட்டாகும்’ என்று வீட்டுக்கு ஒரு போன். பாதி வேகம் அந்த ஒரு போனிலேயே குறைந்துவிடுகிறது. கேஷியரே சொன்னது.

இந்த மூன்றுக்கும் நாலால் வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒரு பைசா செலவில்லை. பாண்டி பீச்சில் உட்கார்ந்து கணக்கை முடிக்கிற வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். நாலு பேரையும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான் டோட்டல் போடுகிறேன். அப்போதுதான் ஸார் டாலி ஆகிறது!