சிட்டையும் பேரேடும்

வடபழனியில் ஒரு சந்துக்குள் மூன்றாவது மாடி. இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சினிமாவுக்குக் கீபோர்டு புரோகிராமிங் செய்யும் இளைய நண்பர்தான் வரச் சொல்லியிருந்தார். “மிஷினைப் பார்க்க ரிச்சி தெருவுலேர்ந்து அண்ணன் வர்றார். அவர் வேலை செய்யறதை நீங்க ஒரு தடவை பார்க்கணும் சார்” என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் என்று இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் வயலின்காரர்கள் பெட்டியோடு பஸ் பிடித்து வருவார்கள். ஏ.ஆர். ரஹ்மான் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ரெக்கார்ட் இன் கட்டி, 1992இல் ‘ரோஜா’வும் வெளிவந்த பிறகு, கம்ப்யூட்டர் இல்லாத இசையறை மெல்ல மெல்ல இல்லாமலே போனது. அந்த வயலின்கள் இன்று ‘சாம்பிள்’ என்ற பெயரில் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக வாசித்தது, அழுத்தி வாசித்தது, வில்லை எடுக்கும்போது வரும் ஓசை என்று தனித்தனியாகப் பதிந்த லட்சக்கணக்கான துண்டுகள். நண்பரிடம் இருந்த சாம்பிள்கள் மட்டும் 1.4 டெராபைட்.

அண்ணன் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். துணிப்பையிலிருந்து ஒரு திருப்புளி, செய்தித்தாளில் சுற்றிய பழைய 120 ஜிபி எஸ்எஸ்டி, அட்டை கிழிந்த 40 பக்க நோட்டு ஒன்று, மூன்றையும் எடுத்து வைத்தார். திருப்புளியைத் தொடவில்லை. நோட்டைத்தான் திறந்தார்.

“தம்பி, மிஷினை ரீஸ்டார்ட் பண்ணுங்க. அப்புறம் எப்பவும் வேலை செய்யற டெம்ப்ளேட்டைத் திறங்க.”

செல்போனில் நேரம் ஓடியது. அது திறந்து முடிய 9 நிமிடம் 40 நொடி. நோட்டில் தேதி போட்டு எழுதினார். ரீஸ்டார்ட் எதற்கு என்று கேட்டேன். “ஏற்கெனவே திறந்தது ரேம்ல தங்கியிருக்கும் சார். மறுபடி திறந்தா வேகமாக் காட்டும். அந்தக் கணக்கு பொய்” என்றார். அந்த நோட்டில் பல வருடக் கணக்கு இருந்தது. எந்த இசையறை, என்ன மிஷின், வேலைக்கு முன் எத்தனை நிமிடம், வேலைக்குப் பின் எத்தனை என்று பக்கம் பக்கமாக. தன் வேலையை இவ்வளவு நேர்மையாக அளந்து வைத்திருப்பவரை நான் வேறு எந்தத் தொழிலிலும் பார்த்ததில்லை.

பத்து நிமிடம்தானே என்று தோன்றலாம். டைரக்டர் சோபாவில் உட்கார்ந்து, “அந்த இன்னொரு டியூனைப் போடுங்க” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும் பத்து நிமிடம் அது. டியூன் நினைவிலிருந்து நழுவிவிடும். அது போதாதென்று, வாசிக்கும்போது நடுநடுவே ‘டிக்’ என்று ஒலி அறுந்துபோகும்.

காரணத்தை அண்ணன் விளக்கினார். சாம்பிள் மென்பொருள் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்தை மட்டும் ரேமில் ஏற்றிக்கொள்ளும். மீதியை, விரல் கட்டையை அழுத்திய பிறகு டிஸ்க்கிலிருந்து இழுக்கும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க், ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்டு எடுக்கிறது. அதன் முள் இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் துண்டுகளில் நொடிக்கு ஏறக்குறைய எண்பதைத்தான் எடுத்து வர முடியும். பாடகர் குரலைப் பதிந்த டிராக்குகள் இந்த அளவுக்குத் தொல்லை தருவதில்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நொடிக்கு 144 கிலோபைட். நூறு டிராக் போனாலும் 14.4 மெகாபைட்தான். அதை நீளமாக வரிசையில் படித்துக்கொண்டு போகலாம். திணற வைப்பது சிதறல்தான். எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, முள்ளும் இல்லை. எந்த மூலையில் இருக்கும் துண்டும் மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கில் வந்து நிற்கும்.

எல்லாச் சாம்பிளையும் எஸ்எஸ்டியில் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் நண்பருக்கு வர வேண்டிய சம்பளம் இரண்டு படங்களில் நிற்கிறது. 2012இல் வந்த இசட்77 மதர்போர்டைத்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அதில் இன்டெல் வைத்த வசதி ஒன்று உண்டு, பெயர் ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ். 2011இல் இசட்68 சிப்செட்டோடு வந்தது. சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் பெரிய ஹார்ட் டிஸ்க்குக்கு முன்னால் கேஷாக நிறுத்தி வைக்கும். 64 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது.

“1.4 டெராபைட்டுக்கு 64 ஜிபி எப்படிண்ணே போதும்?” என்றார் நண்பர்.

அண்ணன் தன் கதைக்குப் போனார். விருதுநகர்ப் பக்கம் அவருடைய அப்பாவுக்கு மளிகைக் கடை. மூட்டைகளெல்லாம் பின்கட்டில். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இவர் வேலை, சாயங்காலக் கூட்டத்துக்கு முன் பொட்டலம் மடித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்குவது. “நேத்து எது வித்துச்சோ அதைத்தான் இன்னிக்கு மடிப்போம். துவரம் பருப்பு கால் கிலோ, சீனி அரைக் கிலோ. ஒரு வாரமா யாரும் கேக்காத பொட்டலத்தைப் பிரிச்சு மூட்டையில கொட்டிருவோம். ரெண்டு முழம் பலகையில கடை முழுக்க ஓடும். தம்பி, நீங்க 1.4 டெராபைட்டையும் தினமும் வாசிக்கிறதில்ல. நாலு வயலின், ரெண்டு பியானோ, ஒரு தபேலா செட்டு. அதைத்தான் இது பார்த்து மடிச்சு வைக்கும்.”

கடை நொடித்ததும் சென்னைக்கு வந்து ரிச்சி தெருவில் கேசட் டெக் பழுது பார்த்தார். கேசட் போனதும் கம்ப்யூட்டர். யாரிடமும் பாடம் படித்தவர் இல்லை.

பயாஸில் டிஸ்க் முறையை ரெய்டுக்கு மாற்றுவது, அதற்கு முன் விண்டோஸைத் தயார்ப்படுத்துவது என்று அரை மணி நேரம் போனது. கடைசியில் ஒரு கேள்வி வந்து நின்றது: என்ஹான்ஸ்டா, மேக்ஸிமைஸ்டா? இரண்டாவதுதான் வேகம் என்று நண்பர் கை நீட்டினார். அண்ணன் தடுத்தார்.

“அப்பா கடையில கடன் கொடுத்தா முதல்ல சிட்டையில எழுதுவாங்க. ராத்திரி பேரேட்டுல ஏத்துவாங்க. ஒருநாள் மழையில சிட்டை நனைஞ்சு போச்சு. அன்னிக்குக் கொடுத்த கடன் அத்தனையும் போச்சு. மேக்ஸிமைஸ்டுங்கிறது அந்த மாதிரி. எழுதறதை எஸ்எஸ்டியில வாங்கிக்கிட்டு, டிஸ்க்குக்கு அப்புறமா அனுப்பும். நடுவுல எஸ்எஸ்டி செத்தா உங்க பாட்டு போச்சு. என்ஹான்ஸ்டு ரெண்டுலயும் அப்பவே எழுதும். இது பழைய எஸ்எஸ்டி வேற. வேணாம்.”

ரீஸ்டார்ட். முதல் தடவை 9 நிமிடம் 55 நொடி, முன்னைவிட அதிகம். நண்பரின் முகம் விழுந்தது. “மடிக்கிற நேரம் அது” என்றார் அண்ணன். இரண்டாவது தடவை 4 நிமிடம் 10 நொடி. மூன்றாவது தடவை 2 நிமிடம் 35 நொடி. நோட்டில் மூன்று வரி ஏறின. நண்பர் இரண்டு கையாலும் வயலின் கார்டு பிடித்தார். ஒலி எங்கும் அறுந்துபோகவில்லை.

எதற்கு உதவாது என்பதையும் அவரே சொன்னார். பிளக்இன்களை அடுக்கிப் பிராசஸர் திணறினால் இது ஒன்றும் செய்யாது. இதுவரை தொடாத சாம்பிளை எடுத்தால் பழைய வேகம்தான். பணம் வந்ததும் சாம்பிளுக்கென்றே பெரிய எஸ்எஸ்டி வாங்கிவிட வேண்டும், இது அதுவரைக்கும்தான்.

கீழே டீக்கடையில் நண்பர் ஒன்று சொன்னார். போன மாதம் ‘ஸ்டுடியோ பேக்கேஜ்’ ஆள் ஒருவர் வந்து, இந்த மிஷின் செத்துவிட்டது, புதிது வாங்கினால்தான் ஆகும் என்று தவணை போட்டுக் கொடுத்தாராம். எனக்குக் கோபம் அடங்கவில்லை. இந்த இடைத்தரகர்கள் ரிச்சி தெருவில் வாங்கி, ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, விலையை ஏற்றி இசையறைக்குள் கொண்டுவருகிறார்கள். ஓடிக் களைத்த டிஸ்க்கின் ஓட்டக் கணக்கை அழித்துவிட்டுப் புதிது என்று தலையில் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். பிடிபடுவது, பாட்டு அழிந்த பிறகுதான். வாங்குபவன் சம்பளம் வராத புரோகிராமர். பொருத்தித் தருபவருக்குத் தரகர் கொடுப்பது அன்றைய சாப்பாட்டுக் காசு, அதுவும் அடுத்த வாரம் என்று சொல்லித்தான். வாங்குபவனுக்கும் பொருத்துபவருக்கும் நடுவில் உண்மையைச் சொல்லும் கை எங்குமே இல்லை.

அன்று இரவு அண்ணன் வாங்கியது 800 ரூபாய், எஸ்எஸ்டியையும் சேர்த்து. கடைசிப் பஸ் போய்விட்டிருந்தது. உங்கள் இசையறைக்கு இப்படி ஒருவர் நோட்டோடு வந்தால், கூலியை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள்.